யார் சாவான் என்று தெரிந்தே விழித்திருந்த சபை

ஸொம்பித் தொடர்களின் கொலைகளைப் பார்த்துக் கொதித்தவர்கள் உண்மையில் எதற்காகக் கோபித்தார்கள்? மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு பார்வை.

2016 ஒக்டோபர் 23 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் ஏ.எம்.சி. தொலைக்காட்சியில் 'தி வோக்கிங் டெட்' என்ற ஸொம்பித் தொடரின் ஏழாவது சீசன் தொடங்கியது. நேகன் என்ற வில்லன், முள்ளுக்கம்பி சுற்றிய பேஸ்போல் மட்டையால், முழந்தாளில் நிறுத்தப்பட்ட இரண்டு பேரின் தலையை அடித்து நொறுக்கினான். ஒருவன் ஆபிரகாம். மற்றவன் கிளென், முதல் சீசனிலிருந்தே பார்வையாளர்களுக்கு வீட்டுப் பிள்ளை போல் ஆகிவிட்டவன். அன்றிரவு பார்த்தவர்கள் 1 கோடியே 70 இலட்சம் பேர். அடுத்த கிழமை அது ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சமாக இறங்கியது. 2022 நவம்பரில் தொடர் முடிந்தபோது கடைசிப் பகுதியை ஒளிபரப்பான நேரத்தில் பார்த்தவர்கள் 23 இலட்சத்துக்கும் குறைவு.

வன்முறை எல்லை மீறிவிட்டது என்பதே அப்போது எல்லோரும் சொன்ன காரணம். அங்குள்ள பேரன்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சில் கண்டனம் தெரிவித்தது. தயாரிப்பாளர்களில் ஒருவரான கேல் ஆன் ஹேர்ட், அதே சீசனின் பின்பாதியில் கொடூரத்தைக் குறைத்ததாக 2017 ஜனவரியில் சொன்னார். கேபிள் தொலைக்காட்சியை விட்டு மக்கள் இணையத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அப்படி எடுத்தாலும், வன்முறை என்ற காரணம் எனக்கு அரைவாசிதான் சரியாகப் படுகிறது.

ஏனென்றால் இதே பார்வையாளர்கள்தான் ஆறு வருடமாக ஒவ்வொரு பகுதியிலும் தலைகள் பிளக்கப்படுவதைச் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்து பார்த்தவர்கள். 2011 இல், இரண்டாவது சீசனின் நடுவில், காணாமற்போன சிறுமி சோபியாவை எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, அவள் ஒரு களஞ்சியசாலையிலிருந்து ஸொம்பியாக நடந்து வருகிறாள். அவளைத் தேடி அலைந்த நாயகன் ரிக்கே துப்பாக்கியை நீட்டி அவள் நெற்றியில் சுடுகிறான். குழந்தையின் நெற்றியில் குண்டு! அதைவிடக் கொடூரம் வேறென்ன வேண்டும்? பார்த்தவர்கள் அழுதார்கள், போய்விடவில்லை. தாய் கரோல் மண்ணில் சரிந்து விழுந்தாள், அடுத்த பகுதியில் பிள்ளையைப் புதைத்தார்கள், கதை அங்கே கொஞ்சம் நின்று மூச்சுவிட்டது. தொடரின் செல்வாக்கு அதன் பிறகுதான் உச்சத்துக்குப் போனது.

2016 இல் நடந்தது வேறு. ஏப்ரல் 3 ஆம் திகதி ஆறாவது சீசனின் கடைசிக் காட்சியில் நேகன் மட்டையை ஓங்கினான். அடிபடுபவனின் கண்ணாகவே கமெரா மாறியது; திரையில் இரத்தம் வழிந்தது; யார் செத்தது என்று காட்டாமலே சீசனை முடித்தார்கள். ஆறரை மாதம் ரசிகர்கள் யார் செத்திருப்பான் என்று பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒக்டோபரில் திரும்பி வந்தபோதும் உடனே சொல்லவில்லை. கொலை முடிந்த பிறகான நேரத்தில் கதையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது நிமிடம் இழுத்து, அதன் பிறகுதான் முகத்தைக் காட்டினார்கள். இதற்கு முந்திய வருடம் இதே கிளென் ஸொம்பிக் கூட்டத்துக்குள் விழுந்து செத்ததுபோல் காட்டி, தொடக்கப் பெயர்ப் பட்டியலிலிருந்துகூட நடிகரின் பெயரை எடுத்துவிட்டு, நான்கு கிழமை கழித்து, குப்பைத்தொட்டிக்கு அடியில் ஒளிந்து தப்பிவிட்டான் என்று சொன்ன கதையும் உண்டு. ஒரே ஆளின் சாவை இரண்டு தடவை தூண்டிலில் கொழுவி ஆட்டியிருக்கிறார்கள். செத்தவனின் குழியருகே அவன் மனைவி மாகி நிற்பதை ஐந்தாவது பகுதியில்தான் காட்டினார்கள். அதற்குள் பார்த்தவர்கள் பலர் எழும்பிப் போய்விட்டார்கள்.

இவ்வளவுக்கும், அந்தத் தொடருக்கு மூலமான சித்திரக்கதையின் 100 ஆவது இதழில், 2012 இலேயே, கிளென் நேகனின் கையால் செத்திருந்தான். வாசித்தவர்களுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். முடிவு தெரிவது கதையைக் கெடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஒளிப்பு விளையாட்டு முழுவதும் நடந்தது. அந்த நம்பிக்கைதான் பிழை என்று நான் நினைக்கிறேன். வாவிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதை விளங்கிக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

பதின்மூன்றாம் போர்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஆடப்படும் வடமோடிக் கூத்துகளில் ஒன்றுக்குப் பெயர் 'பதின்மூன்றாம் போர்'. பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் புகுந்து சாகிற நாள். நோட்டீஸில் பெயரைப் பார்த்தவுடனேயே யார் சாகப்போகிறான் என்பது ஊருக்குத் தெரியும். 'கர்ணன் போர்' என்றால் கர்ணன். 'பதினெட்டாம் போர்' என்றால் துரியோதனன். கொலைச் செய்தியைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டு, பொழுதுபட்ட பிறகு தொடங்கி வெள்ளாப்பு வரைக்கும் சபையை இருத்தி வைத்த கலை இது. பாயையும் போர்வையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வட்டக்களரியைச் சுற்றி வந்து குந்தியவர்களில் ஒருவருக்கும், என்ன நடக்கப் போகிறதோ என்ற பதற்றம் இருந்ததில்லை. அபிமன்யுவின் வரவு எப்படி, எந்தப் பொடியன் அந்த ஆட்டத்துக்குச் சதங்கை கட்டியிருக்கிறான், அண்ணாவியார் அவனை எப்படிப் பழக்கியிருக்கிறார், களைத்துப் போகாமல் ஆடுவானா என்பதுதான் அவர்களுடைய விசாரம்.

கூத்தில் போரே ஆட்டம்தான். கரப்புடுப்புப் போட்ட இரண்டு அரசர்கள் களரியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருவருக்கொருவர் தரு படித்துச் சவால் விடுவார்கள், மத்தளம் ஏறும், பிற்பாட்டுக்காரர் வாங்கிப் படிப்பார்கள். ஒருவர் விழுவார். விழுந்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து போயும் விடுவார். செத்தவன் எழும்பி நடக்கிறானே என்று அங்கே ஒருவரும் பயப்படுவதுமில்லை, சிரிப்பதுமில்லை. இரத்தத்துக்கு அங்கே வேலையில்லை. கொலை அவ்வளவு சுருக்கம். அதற்குப் பிறகு வருகிற புலம்பல்தான் நீளம். தாய், மனைவி, தகப்பன் என்று ஒவ்வொருவராக வந்து அழுவார்கள். அந்த நேரத்தில் சபையின் பின்வரிசையில் கிழவிகள் முந்தானையால் மூக்கைத் துடைப்பது அபிமன்யுவுக்கு மட்டுமாகவா? அவரவர் வீட்டு இழவும் அந்தப் பாட்டில் ஏறிக்கொள்கிறது.

இந்த விகிதத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கொல்வதற்கு ஒரு பங்கு நேரம், அழுவதற்குப் பல பங்கு. வோக்கிங் டெட்டின் அந்த இரவில் இது தலைகீழாக இருந்தது.

தமிழர் இரத்தம் பார்க்க அஞ்சியவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கிற பகுதியை நெட்பிளிக்ஸில் படமாக எடுத்தால் பதினெட்டு வயதுக்கு மேல் என்று சான்றிதழ் கொடுத்தாலும் போதாது. ஆனால் அது முதலாம் குலோத்துங்கன் வென்ற போரைப் பாடிய அரசவைக் காவியம். வென்றவன் வீட்டில் இருந்து கேட்டால் பிணக் கூழும் விருந்துதான். தோற்ற கலிங்கத்தில் அந்தப் பாட்டை யார் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நமக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. வன்முறைக் காட்சியை ரசிக்க முடிகிறதா இல்லையா என்பது பல நேரம் பார்ப்பவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது. எங்கள் பக்கம் பெரும்பாலும் அடிவாங்கிய பக்கம்.

குளிர்த்தி

புலம்பலோடும் எல்லாம் முடிவதில்லை. வைகாசியில் செட்டிபாளையம், ஆரையம்பதி என்று வாவியோரத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறக்கிறார்கள். வழக்குரை படிக்கிறார்கள். கோவலன் வெட்டுண்டதும், கண்ணகி மதுரையை எரித்ததும் பாட்டாக வருகிறது. ஒரு நகரத்தையே கொளுத்திய கதை அது. நம்மிடம் இருக்கும் கதைகளில் இவ்வளவு பெரிய பேரழிவு அதிகமில்லை. ஆனால் மதுரை எரிந்ததோடு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கடைசி நாள் குளிர்த்தி. அம்மனின் கோபம் தணியப் பாடி, நீர் தெளித்து, அந்த நீரை ஊரே வாங்கிப் போகிறது. அம்மை, கொள்ளை நோய் எல்லாம் அவளுடைய சூட்டிலிருந்து வருவதாக நம்பிய ஊர்கள் இவை. ஸொம்பிக் கதையும் கொள்ளை நோய்க் கதைதான். நோயை மூட்டிவிட்டு அடுத்த சீசன் வரைக்கும் காத்திருங்கள் என்று எந்தக் கோயில் கட்டாடியாரும் சொன்னதில்லை.

செத்தவர்கள் எழும்புவதும் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் மாசித் திருவிழா நடக்கிறது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதை. கொங்கு நாடு முழுவதும் பாடுவார்கள். அந்தக் கதையை நிகழ்த்தும் ஊர்களில் படுகளம் என்ற சடங்கில் ஆட்கள் அருள் வந்து செத்தவர்போல் விழுகிறார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். தங்கை தங்காள் வந்து அழுகிறாள். பிறகு தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புகிறார்கள். எழுந்தவரைப் பார்த்து உறவினர் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தொடரில் எழுந்தவனின் மண்டையில் கத்தி இறங்குகிறது. அங்கே கடிபட்டவர் மட்டுமல்ல, எப்படிச் செத்தாலும் எல்லோரும் ஸொம்பியாக எழும்புவார்கள் என்பது விதி. ஆகவே தாய் செத்தாலும் தகப்பன் செத்தாலும், அழுவதற்கு முதல் தலையில் குத்த வேண்டும். எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் சடங்கும் இல்லை. இந்தத் தொடர்களின் உண்மையான பயங்கரம் பல்லிலும் இரத்தத்திலும் இல்லை, இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

களஞ்சியசாலைக் கதவு

சோபியா வெளியே வந்த களஞ்சியசாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஹேர்ஷல் என்ற வயோதிபரின் பண்ணையில் இருந்தது. ஸொம்பியாக மாறிய தன் மனைவியையும் அவளுடைய மகனையும் அயலவர்களையும் அவர் உள்ளே பூட்டி வைத்து, உயிர்க்கோழி போட்டுப் பராமரித்தார். அவர்கள் சாகவில்லை, நோயாளிகள், ஒருநாள் மருந்து வரும் என்று நம்பினார். இரண்டாவது சீசனின் இந்தப் பண்ணைப் பகுதி அமெரிக்க ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. கதை நகரவில்லை, அலுப்பு என்றார்கள். கதவை உடைத்து எல்லோரையும் சுட்டுத் தள்ளிய பிறகுதான் தொடருக்கு உயிர் வந்தது என்று எழுதியவர்களும் உண்டு.

மட்டக்களப்பில் ஹேர்ஷலை முட்டாள் என்று சொல்ல நமக்கு நா எழாது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான், கொக்குவில், பிள்ளையாரடி, பனிச்சையடி ஆகிய ஊர்களைச் சேர்ந்த 184 பேர், பிள்ளைகளும் பெண்களும் உட்பட, ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னர், ஓகஸ்ட் 3 ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாவியின் ஒரே கரையில், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துக்குள் நடந்தவை இவை. காத்தான்குடிக்காரருக்குப் புதைக்க உடல் கிடைத்தது. வந்தாறுமூலைக்காரருக்கு அதுவும் இல்லை.

உடல் இல்லாவிட்டால் எட்டுச் செலவு எப்படிச் செய்வது? தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? இறந்தார் என்றும் சொல்லாமல் இருக்கிறார் என்றும் சொல்லாமல், காணாமற்போனார் என்று மட்டும் எழுதிக் கொடுக்கிற சான்றிதழுக்கு இலங்கைச் சட்டத்தில் 2016 முதல் இடமுண்டு. 2018 இல் காணாமற்போனோருக்கென்று ஓர் அலுவலகமும் இயங்கத் தொடங்கியது. மட்டக்களப்பு வீதிகளில் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார் அந்தச் சான்றிதழைக் கேட்டு நிற்கவில்லை; என்ன நடந்தது என்று சொல் என்றுதான் கேட்கிறார்கள். சாவுக்கும் உயிருக்கும் நடுவில் கிடக்கிற ஆளைக் கைவிட மாட்டேன் என்று களஞ்சியசாலைக்கு வெளியே காவலிருந்த கிழவரின் கதையை அந்தத் தாய்மாருக்கு ஒருதரம் காட்டினால், அலுப்பு என்று யாரும் சொல்வார்களா?

இது மட்டக்களப்புக்கு மட்டும் உரிய கண்ணுமல்ல. 2022 ஜனவரியில் நெட்பிளிக்ஸில் வந்த தென்கொரியத் தொடர் 'ஆல் ஒஃப் அஸ் ஆர் டெட்'. ஒரு பாடசாலைக்குள் ஸொம்பி நோய் பரவுகிறது, பிள்ளைகள் வகுப்பறைகளில் அகப்பட்டு, பெரியவர்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்கிறார்கள், யாரும் வருவதில்லை. பெற்றோருக்குக் கடைசி வார்த்தை சொல்லி வீடியோவில் பதிகிறார்கள். கொரியர்கள் அதைப் பார்த்தவுடன் செவோல் கப்பலை நினைத்தார்கள். 2014 ஏப்ரல் 16 ஆம் திகதி மூழ்கிய அந்தக் கப்பலில் செத்த 304 பேரில் 250 பேர் ஒரே பாடசாலையின் மாணவர்கள். அந்தத் தொடருக்கு எதிராகக் கொரியாவில் எழுந்த கண்டனத்தையும் பாருங்கள். ஸொம்பிகள் கடித்துத் தின்றதைப் பற்றிப் பேசியவர்களைவிட, தொடக்கத்தில் ஒரு மாணவியைச் சக மாணவர்கள் மானபங்கப்படுத்தும் காட்சியைத் தேவைக்கு மேல் காட்டிவிட்டார்கள் என்று கோபித்தவர்களே அதிகம் கவனத்தை ஈர்த்தார்கள். பேய் செய்வதைப் பொறுத்துக்கொள்ளலாம், மனிதன் செய்வதை வேடிக்கையாக்காதே என்பதுதான் அந்தக் கோபம். நேகனும் மனிதன்தான், ஸொம்பி அல்ல.

'தி லாஸ்ட் ஒஃப் அஸ்' தொடரில் 2025 ஏப்ரலில் ஜோயல் கொல்லப்பட்டதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 2020 இல் வந்த கணினி விளையாட்டிலேயே அவன் செத்துவிட்டான். இலட்சக்கணக்கானவர்களுக்கு அது தெரியும். தொடர்காரர்கள் சீசனின் இரண்டாவது பகுதியிலேயே ஒளிக்காமல் கொன்றார்கள். அடுத்த பகுதியில், அவன் வளர்த்த பெண் எல்லி அவனுடைய வீட்டுக்குப் போய் அவன் உடுப்பை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழுகிறாள். கோபித்தவர்கள் அங்கும் இருந்தார்கள். ஆனால் ஏமாற்றிவிட்டாய் என்ற குற்றச்சாட்டு அந்தக் கொலைக்கு ஒட்டவில்லை.

கூத்தையும் விட்டுவைக்கக் கூடாது

இவ்வளவு சொன்னதால் கூத்தைத் தலையில் வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வடமோடியில் சாவுக்குப் பாட்டுக் கிடைப்பது அரசனுக்கும் அரசன் மகனுக்கும்தான். பதினெட்டு நாளில் விழுந்த காலாட்படைக்கு யார் புலம்பல் படித்தார்கள்? பெண் என்றால் கெஞ்சவும் அழவும் மட்டும் என்ற பங்கீடும் அங்கே உண்டு. அந்தப் பெண் வேடத்தையும் நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். கலாநிதி சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் ஊராரோடு இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது கேட்ட கேள்விகள் இந்த வகையானவை. கதை யாருடையது, சாதி என்ன செய்கிறது, பெண் ஏன் இப்படி நிற்கிறாள் என்று ஆடுபவர்களே உட்கார்ந்து பேசினார்கள்.

அதற்கும் முன்னர், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என்று விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். இராவணேசனை எழுதியவரும் இராவணனாக ஆடியவரும் அமிர்தகழி தந்த சி. மௌனகுரு. நகரத்து மேடைக்குக் கூத்து வந்தது அந்தச் சுருக்கத்தால்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சுருக்குகிற எவருக்கும் ஒரு சோதனை வரும். போர் ஆட்டம் கைதட்டு வாங்கும். புலம்பல் வாங்காது. எதை வெட்டுவது?

இன்றைக்கு இதே கேள்வி கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்கும் வருகிறது. 'மிருதன்' 2016 இல் வந்து தமிழிலும் ஸொம்பிப் படம் எடுக்கலாம் என்று காட்டியது. மட்டக்களப்பிலும் குறும்படக்காரருக்குக் குறைவில்லை. தலையைப் பிளக்கும் ஒப்பனை இணையத்தைப் பார்த்தே பழகக்கூடிய காரியம். இந்தக் கதையை எடுக்க இந்த ஊருக்கு உரிமையும் உண்டு. ஸொம்பி முதலில் தோன்றியது ஹொலிவூட்டில் அல்ல, கரும்புத் தோட்ட அடிமைகளின் ஹெயிட்டியில். செத்த பிறகும் விடுதலை இல்லாமல் இன்னொருவனுக்கு உழைக்க வேண்டி வருமோ என்ற பயத்தில். அடிமைப்பட்டவர்கள் கட்டிய பயத்தை அடிபட்ட ஊர் எடுத்துச் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கும்.

எடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று. கொலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்களோ, அதைவிடக் கூடிய நேரத்தைக் கொலைக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒதுக்குங்கள். யார் செத்தது என்பதை ஒளித்து வைக்காதீர்கள்.

பார்ப்பவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. அறுவடை முடிந்த பிறகு படுவான்கரையில் எங்காவது களரி போடுவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அபிமன்யு விழுந்தவுடன், போர் முடிந்துவிட்டது, நாளைக்கு வேலை இருக்கிறது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். புலம்பல் முடியும் வரைக்கும் இருங்கள்.